கணிப்பொறியின் வன்தட்டு: கழற்றலும் காத்தலும்

கறையானுக்கும் நெருப்புக்கும் ஆற்று வெள்ளத்திற்கும் இரையாகிய ஓலைச்சுவடிகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வல்லார் இலர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இவ்விழப்புகளைப் பதிவு செய்திருப்பதை ஆண்டுதோறும் வகுப்பறையில் எடுத்துரைக்கின்றோம். மாணவர்களும் வருந்திக் கேட்கின்றனர். ஆயின், அதே துறையின் மூலையில் துணி மூடிக் கிடக்கும் பழைய கணிப்பொறி எடைக்குப் போகும்போது, அதனுள் ஒரு சுவடிக்கட்டும் உடன் போகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நம்மையும் சேர்த்தே இதனைக் கூறுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் துறையிலிருந்த ஒரு கணிப்பொறி, பயனற்ற பொருள்களின் பட்டியலில் ஏறி, கால் உடைந்த நாற்காலிகளோடும் துருப்பிடித்த மின்விசிறிகளோடும் விற்கப்பட்டது. கருத்தரங்கக் கட்டுரைகளும் பழைய மலர்களின் மூலப்படிகளும் அதனுள் இருந்தன. அப்பட்டியலின் கீழே நம் கையொப்பமும் உண்டு. 'ஓடாத பெட்டிதானே' என்று எண்ணி இட்ட கையொப்பம் அது.

இவ்வாண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது இரண்டாவது பெட்டி பட்டியலில் ஏறியது. 2001ஆம் ஆண்டில் வாங்கியது. விண்டோஸ் 98இல் இயங்கியது. ஓய்வுபெற்ற எம் ஆசிரியப் பெருந்தகை ஒருவர், கடற்கரையூர்களின் மூதாட்டியரிடம் கேட்டுத் தொகுத்த தாலாட்டு, ஒப்பாரி, நலுங்குப் பாட்டு ஆகியவற்றை மாலை நேரங்களில் ஒற்றை விரலால் தட்டச்சு செய்து சேர்த்துவைத்தது இதில்தான். பாடல்களைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. குறிப்பேடுகளைக் கறையான் கொண்டது. பாடியவர்களுள் இன்று உயிருடன் இருப்பவர் ஒருவர்கூட இலர். தொலைபேசியில் செய்தி சொன்னபோது, "தம்பி, பெட்டியை யாரும் எடுத்துப் போகட்டும், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு வாரத் தவணை கேட்டுப் பெற்றோம். அவ்வொரு வாரத்தில் கற்றதை ஈண்டு எழுதுகின்றோம். நாம் கணிப்பொறியியல் பயின்றவர் அல்லோம். அத்துறை நண்பர்களிடம் கேட்டும், செய்து பார்த்தும், ஒரோவழித் தவறியும் அறிந்தவையே இவை.

முதலில் வன்தட்டு எது என்று தெளிதல் வேண்டும். எழுத்து தெரிவது திரையில் ஆகலின் திரையையே கணிப்பொறி என்று கருதுவார் இன்றும் உளர். மேசையின் கீழ் நிற்கும் பெட்டிதான் கணிப்பொறி. அப்பெட்டியினுள்ளும் நினைவு இருவகைப்படும். ராம் எனப்படும் நினைவகம் கரும்பலகை போன்றது. மின்சாரம் நின்றவுடன் அதில் எழுதியது மறையும். ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டோ ஏடு போன்றது. காந்தப் பதிவாக எழுதப்படுவதால் மின்சாரம் இன்றியும் பல்லாண்டுகள் நிற்கும். பெட்டியின் பிற உறுப்புகள் அனைத்தும் செத்துப்போன பின்னரும் வன்தட்டு மட்டும் நலமாக இருத்தல் கூடும். எனவேதான் அதனைத் தனியே கழற்றி எடுப்பதற்குப் பொருள் உண்டு.

வன்தட்டு முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1956ஆம் ஆண்டில். ஐ.பி.எம். நிறுவனம் செய்த அவ்வியந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். அது கொண்டது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. உள்ளங்கையில் அடங்கும் எம் துறையின் பழைய வன்தட்டு அதனைப்போல் பல்லாயிரம் மடங்கு கொள்ளும்.

பெட்டி இயங்குமாயின் கழற்றாமலே கோப்புகளைப் படியெடுக்கலாகாதா என்று கேட்கலாம். எடுக்கலாம். ஆயினும் விண்டோஸ் 98 பென் டிரைவைத் தானாக அறிந்துகொள்ளாது. அதற்குரிய இயக்கி மென்பொருளைத் தேடி நிறுவ வேண்டும். எம் பெட்டியிலோ அவ்வினாவுக்கே இடமில்லை. விசிறி சுழன்றது; திரை இருளாகவே இருந்தது. மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். அவ்வாறு செய்தது தவறு என்று பின்னரே அறிந்தோம். நெடுநாள் கிடந்த பெட்டியின் மின்வழங்கி பழுதுற்றிருப்பின், ஒவ்வொரு முறை மின்சாரம் பாயும்போதும் வன்தட்டுக்குத் தீங்கு நேரலாம்.

கழற்றும் பணிக்கு வேண்டுவன சிலவே: நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்று, திருகாணிகளை இட்டுவைக்க ஒரு சிறு கிண்ணம், அகன்ற மேசை, நல்ல வெளிச்சம். முதற்கண் மின்கம்பியைச் சுவரிலிருந்தும் பெட்டியிலிருந்தும் உருவிவிடுதல் வேண்டும். பின்னர்ப் பெட்டியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சியிருக்கும் மின்னேற்றம் பெரும்பாலும் வடிந்துவிடும். மின்வழங்கி, அதாவது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் உலோகப் பேழையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது. அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். பழைய குழாய்த் திரைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும், இன்னும் கடுமையாகவே.

பெட்டியின் பின்புறத்துத் திருகாணிகளை நீக்கிப் பக்கத் தகட்டைப் பின்னோக்கி இழுத்தால் அது கழன்றுவரும். எம் பெட்டியைத் திறந்தபோது இருபதாண்டுத் தூசி எழுந்து அனைவரையும் தும்மவைத்தது. பல்லி முட்டையின் ஓடுகளும் கிடந்தன. பெட்டியை முற்றத்திற்குக் கொண்டுசென்று மென்தூரிகையால் துடைத்தபின்னரே உள்ளிருப்பவை கண்ணுக்குப் புலனாயின. கை வைப்பதற்குமுன் செல்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்வது நலம். எந்தக் கம்பி எங்கிருந்தது என்பதை மறதி கொண்டுபோய்விடும்.

நிலைமின்சாரம் பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. செயற்கை இழை ஆடை உடுத்துக் கால்விரிப்பின்மேல் நடந்தால் உடலில் மின்னேற்றம் சேரும். ஏறத்தாழ 3000 வோல்ட் அளவை எட்டினால்தான் அதனை மனிதர் 'சுரீர்' என உணர்வர். மின்னணுச் சில்லுகள் கெடுவதற்கோ சில நூறு வோல்ட்டே போதும். ஆகலின் உறுப்புகளைத் தொடுமுன், வண்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொட்டுக்கொள்ளுதல் வேண்டும்; இடையிடையேயும் தொடுதல் நன்று. எம் மாணவர் ஒருவர் இதனைச் சடங்கு என்று நகைத்தார். சடங்கன்று, அறிவியலே.

திறந்த பெட்டியில் பின்புற மூலையில் மின்வழங்கியும், பெரும்பலகையாகத் தாய்ப்பலகையும், முன்புறத்தில் மேலிருந்து கீழாக அடுக்கிய கூடுகளும் காணப்படும். மேற்கூட்டில் இருப்பது குறுந்தகட்டு இயக்கி. அதன்கீழ் நெகிழ்தட்டு இயக்கி. அதற்கும் கீழே, முன்புறத்தில் வாயில் எதுவும் இன்றி முற்றும் உள்ளடங்கி இருப்பதே வன்தட்டு. மேற்புறம் வெள்ளிநிறத் தகடும் ஒட்டுத்தாளும், அடிப்புறம் பச்சைநிறச் சுற்றுப்பலகையுமாக, ஏறத்தாழ நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த நீளமும் உடையது. கடைக்காரர்கள் இதனை மூன்றரை அங்குல வன்தட்டு என்பர். உள்ளே சுழலும் தட்டை ஒட்டி எழுந்த வழக்கு அது, புற அளவையன்று.

அக்காலப் பெட்டிகளில் வன்தட்டின் பின்புறத்தில் இரு இணைப்புகள் இருக்கும். ஒன்று ஓலை நறுக்குப் போல அகன்று தட்டையான கம்பிப்பட்டை. 40 துளைகள் கொண்ட முனையுடையது. அதன் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதற்கம்பியைக் குறிப்பது. அது பெரும்பாலும் மின்கம்பி இருக்கும் பக்கமாகவே அமையும். மற்றொன்று மின்சாரம் தரும் நான்கு கம்பிகள்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், இடையிலுள்ள கறுப்பு இரண்டும் நிலத்தொடர்பு. கழற்றும்போது கம்பியைப் பற்றி இழுத்தல் கூடாது. முனையைப் பற்றியே இழுத்தல் வேண்டும். மின்சார முனை இறுகிப் பிடித்திருக்கும். பால்பல்லை ஆட்டி எடுப்பதுபோல இருபுறமும் மெல்ல அசைத்து எடுத்தோம். அவ்விரண்டிற்கும் இடையே ஜம்பர் எனப்படும் சின்னஞ்சிறு மூடி ஒன்று இருக்கும். வன்தட்டு தலைமையாக நிற்பதா, துணையாக நிற்பதா என்பதை அதன் இடமே தீர்மானிக்கும். அது எவ்விடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் அதனைத் தொடலாகாது. 2003ஆம் ஆண்டுக்குப் பின்னர் வரத் தொடங்கிய சாட்டா வகை வன்தட்டுகளில் இத்தொல்லை இல்லை. விரலளவு மெல்லிய கம்பியே இருக்கும், ஜம்பர் வைத்து அமைக்கவும் தேவையில்லை.

இனித் திருகாணிகள். பக்கத்திற்கு இரண்டாக நான்கு இருக்கும். ஈண்டுதான் நாம் அரைமணி நேரத்தை வீணாக்கினோம். ஒருபுறத்து இரண்டையும் நீக்கிவிட்டு இழுத்தோம், வரவில்லை. எண்ணெய் இடலாமா, நெம்பலாமா என்று ஆளுக்கொரு யோசனை கூறினர். இறுதியில் ஒரு மாணவி, "ஐயா, மறுபக்கத் தகட்டையும் திறந்து பார்க்கலாமே" என்றார். திறந்தோம், மற்ற இரண்டு திருகாணிகளும் அங்கிருந்தன! வன்தட்டின் திருகாணியின் மரை சற்று அகன்றது. குறுந்தகட்டு இயக்கியின் மரை நெருக்கமானது. இரண்டையும் கலந்துவிட்டால் பொருந்தாத துளையில் முறுக்கி மரையைக் கெடுத்துவிடுவோம். கிண்ணம் வேண்டும் என்றது இதற்காகவே.

வெளியே வந்த வன்தட்டைப் பக்கங்களைப் பற்றியே ஏந்துதல் வேண்டும். அடிப்புறத்துப் பச்சைப் பலகையில் விரல் படலாகாது. மேற்புறத்தில் காணப்படும் சிறு துளை அது மூச்சுவிடும் வழி. அதன்மேல் தாள் ஒட்டலாகாது. மூடியைத் திறந்து உள்ளே பார்க்க மாணவர்கள் பெரிதும் விழைந்தனர். நாம் உடன்படவில்லை. காரணம் இதுவே: உள்ளிருக்கும் தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்வது. 5400 எனினும் நொடிக்கு 90 சுற்று. அச்சுழற்சியில் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் காற்றின்மேல் மிதக்கின்றது. இடைப்பட்ட வெளி மனிதத் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அவ்விடைவெளியில் ஒரு தூசித் துகள் புகுந்தாலும் மலையில் மோதிய மரக்கலம் போல் முனை சிதையும். தட்டில் கீறல் விழும். கீறிய இடத்து எழுத்து மீளாது.

கழற்றிய வன்தட்டைப் புதிய கணிப்பொறியுடன் இணைக்க மாற்றிக் கருவி உண்டு. ஒரு முனை பழைய 40 துளைப் பட்டையின் வேலையைச் செய்யும், மறுமுனை யு.எஸ்.பி.யில் செருகப்படும். மூன்றரை அங்குல வன்தட்டுக்கு யு.எஸ்.பி. தரும் மின்சாரம் போதாது. கருவியுடன் வரும் தனி மின்வழங்கியையும் இணைத்தல் வேண்டும். கணிப்பொறியியல் துறையில் இக்கருவியை இரவல் பெற்றோம். வன்தட்டை மேசைமேல் தட்டையாக வைத்து இயக்கியபோது மெல்லிய ரீங்காரம் எழுந்தது. அவ்வோசையைக் கேட்டு நாம் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடித்தல் அரிது. 'டிக், டிக்' என்று தட்டும் ஓசை கேட்டிருப்பின் உடனே நிறுத்தியிருக்க வேண்டும். அது முனை தடுமாறும் அறிகுறி. அந்நிலையில் மீட்புப் பணியில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே தக்கது. அவ்வாறன்றித் தட்டியும் குலுக்கியும் பார்ப்பவர் கிடைத்திருக்கக்கூடியதையும் இழப்பர்.

இன்னொரு பொறியும் உண்டு. பழைய தட்டின் அமைப்பைப் புதிய கணிப்பொறி அறிந்துகொள்ளாவிடின், 'ஃபார்மேட் செய்ய வேண்டுமா?' என்று பணிவுடன் வினவும். 'ஆம்' என்று அழுத்திய கை பின்னர் எத்துணை வருந்தினும் பயனில்லை. பழுது நீக்கும் கட்டளைகளையும் மூலத்தட்டின்மீது ஏவுதல் கூடாது. முதலில் முழுமையாகப் படியெடுத்தல். படியை இரண்டிடங்களில் வைத்தல். ஆராய்ச்சி எல்லாம் படியின்மீதே நடத்தல். ஏடு பார்ப்போர்க்கு இம்முறை புதிதன்று. எம் வன்தட்டில் நான்கு கோப்புகள் நீங்கலாக ஏனைய அனைத்தும் படியெடுக்க வந்தன.

வந்தனவேயன்றிப் படிக்க இயலவில்லை. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கீற்றும் புள்ளியும் கலந்து நின்றன. தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. மாணவர்கள் தட்டு கெட்டுவிட்டது என்று சோர்ந்தனர். தட்டு கெடவில்லை. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலத்துக்கு உரிய 256 இடங்களைக் கடன்பெற்று, அவ்விடங்களில் தமிழ் வரிவடிவங்களை வைத்திருந்தன. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளைத் தரப்படுத்திற்று; டிஸ்கி என்னும் முறையும் உலகத் தமிழரிடையே வழங்கியது. ஆயினும் அவரவர் வாங்கிய எழுத்துருவிலேயே அவரவர் எழுதிவந்தனர். ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தும், அரசு அதனை ஏற்றது 2010இல்தான்.

இந்நிலையை எம் குடும்பத்தார்க்கு விளக்க ஓர் உவமை எளிதாகக் கிடைத்தது. எம் பாட்டியார் ஓதிவந்த அரபுத்தமிழ் நூல்கள் வீட்டு அலமாரியில் இன்றும் உள்ளன. மொழி தமிழ், எழுத்து அரபி வரிவடிவத்தின்பாற்பட்டது. பாட்டியார் விரல் வைத்து ஓடோடிப் படிப்பார். பேரப்பிள்ளைகளாகிய நாம் அரபி எழுத்தும் அறிவோம், தமிழும் அறிவோம். ஆயினும் தமிழ் ஒலிக்கென அதில் அமைந்த குறிகளைக் கற்காமையால் தட்டுத்தடுமாறி நிற்கின்றோம். நூல் கையில் இருக்கின்றது. திறவுகோல் பாட்டியாருடன் போயிற்று. எம் ஆசிரியரின் கோப்புகளும் அத்தகையனவே.

நல்வினைப் பயனாகத் திறவுகோல் அதே தட்டில் இருந்தது. விண்டோஸ் என்னும் உறையினுள் ஃபாண்ட்ஸ் என்னும் உறையில் அவர் பயன்படுத்திய எழுத்துரு பத்திரமாக இருந்தது. அதனைப் புதிய கணிப்பொறியில் நிறுவியவுடன் கீற்றும் புள்ளியும் தாலாட்டாக மாறின. ஆகவே இதனை வலியுறுத்துகின்றோம்: பழைய தட்டிலிருந்து படியெடுப்போர் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்றல் கூடாது, எழுத்துரு உறையையும் எடுத்தல் வேண்டும். நாமும் முதல் நாள் அதனை எடுக்கவில்லை. மாற்றிக் கருவியைத் திருப்பித் தந்தபின் மீண்டும் இரவல் கேட்க நேர்ந்தது.

ஒருங்குறிக்கு மாற்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அவை பெரும்பாலும் சரியாகவே மாற்றும். பழைய எழுத்துருவில் 'கொ' என்பதனைக் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பர். ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக நிற்கும். இவ்விடத்தில் சில கொம்புகள் அடுத்த எழுத்தின்மேல் ஏறிவிடுகின்றன. வட்டார வழக்கு மிகுந்த பாடல்களில் இதனைப் பிழை என்று கண்டறிவதே கடினம். எனவே பழைய எழுத்துருவில் அச்சிட்ட தாளையும் புதிய படியையும் அருகருகே வைத்து மாணவர்கள் ஒப்புநோக்கி வருகின்றனர்.

அச்சிட்ட முதற்கட்டைக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் புரட்டினார். பாராட்டு எதுவும் கூறவில்லை. "மூன்றாம் பாட்டில் ஒரு சொல்லை அன்றே தவறாக அடித்திருக்கிறேன்" என்று கூறி எழுதுகோல் கேட்டார்.

காத்தலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பெரியோர்கள் இதனைக் கருத்தூன்றிக் காணவேண்டுகின்றோம். அதே தட்டில் பாடல்களோடு மாணவர் மதிப்பெண் பட்டியல்களும், உதவித்தொகை விண்ணப்பங்களும், குடும்ப வருமானம், முகவரி, வங்கிக் கணக்கு எண் ஆகியனவும் இருந்தன. பெட்டி அப்படியே விற்கப்பட்டிருப்பின் இவையனைத்தும் முன்பின் அறியாதவர் கைக்குப் போயிருக்கும். முன்னர் விற்ற பெட்டியில் என்னென்ன போயினவோ! 'அழித்துவிட்டுத்தானே விற்கின்றோம்' என்பார்க்கு ஒன்று கூறுவோம். விண்டோஸ் 98 போன்றவற்றில் ஒரு கோப்பை நீக்கும்போது, பட்டியலில் அதன் பெயரின் முதலெழுத்து மாற்றப்பட்டு, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகின்றது. எழுதியது அங்கேயே இருக்கும். நூலகத்தில் அட்டையைக் கிழித்துவிட்டு நூலை அலமாரியிலேயே விட்டுவைப்பது போன்றது இது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவர் பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். இயங்கியவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கடன் அட்டை எண்கள் அவர்களுக்குக் கிடைத்தன.

முறையாகத் துடைத்தல் என்பது தட்டு முழுவதும் வேறொன்றை மேலெழுதுதல். அதற்கென மென்பொருள்கள் உண்டு. விஸ்டாவிலிருந்து வந்த விண்டோஸ் பதிப்புகளில் விரைவு முறையைத் தவிர்த்து முழு ஃபார்மேட் செய்தாலும் தட்டெங்கும் சுழியம் எழுதப்படும். இயங்காத தட்டாயின் துளையிட்டுச் சிதைத்தலே வழி. சுத்தியலால் ஓங்கி அடிப்போர் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை.

வெறும் பெட்டியைக் கொடுப்பதிலும் கவனம் தேவை. பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் உண்டு. செம்புக்காகக் கம்பிகளை எரிப்போர் நச்சுப்புகையைச் சுவாசிக்கின்றனர். 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் மறுசுழற்சி செய்வோர் பதிவு பெற்றிருத்தலை வேண்டுகின்றன. அத்தகையோரிடம் எம் பெட்டி ஒப்படைக்கப்பட்டது. இரும்புக்கடை தருவதாகக் கூறிய விலையைவிடக் குறைவாகவே கிடைத்தது என்பதையும் மறைக்கவில்லை. அலுவலகத்தார் முதலில் முகம் சுளித்தனர், பின்னர் ஒப்பினர்.

வன்தட்டை மட்டும் கொடுக்கவில்லை. நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, ஜம்பர் இருந்த நிலை, எழுத்துருவின் பெயர், படியெடுத்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் மையால் எழுதி உடன் வைத்துத் துறை அலமாரியில் பூட்டியுள்ளோம். படியெடுக்க வராத நான்கு கோப்புகளுள் ஒன்றின் பெயர், ஆசிரியர் முதன்முதலில் பாட்டுக் கேட்ட மூதாட்டியார் வாழ்ந்த ஊரின் பெயர். அப்பாடல்களுள் இரண்டு தமக்கு அரைகுறையாக நினைவிருக்கின்றன என்று அவர் கூறியுள்ளார். வரும் வெள்ளிக்கிழமை மாலை எழுதிக்கொள்ள மாணவர் இருவர் செல்கின்றனர்.